எகிப்தின் வண்ண மரச் சவப்பெட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்து என்றாலே பேச்சு பிரமிடுக்கும் துட்டன்காமனின் தங்க முகத்துக்கும் போய்விடுகிறது. என் மனம் நிற்பது அங்கே செய்த மரவேலையில். வண்ணம் தீட்டிய சவப்பெட்டிகள், மம்மியின் மேல் கிடத்திய பலகைகள், கல்லறைக்குள் வைத்த மரப் பொம்மைகள், கடைசியில் ரோமர் காலத்து முகப்படங்கள். என் தாத்தா தச்சர். வஜ்ஜிரப் பசை காய்ச்சும் வாடையில் வளர்ந்தவனுக்கு இந்தப் பெட்டிகளில் முதலில் கண்ணில் படுவது தெய்வ உருவங்கள் அல்ல, பலகையோடு பலகை சேர்த்த ஒட்டுதான். இதைப் பற்றிப் பேசத் தொடங்கிய நாளிலிருந்து தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

இவை எந்தக் காலத்தவை?

ஒரே காலம் என்று சொல்ல முடியாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட மரபு. கி.மு. 2000 வாக்கில், மத்திய கால இராச்சியத்தில், வண்ணம் தீட்டிய நீள்சதுரப் பெட்டிகளும் மரப் பொம்மைகளும் நிறையச் செய்யப்பட்டன. 12ஆம் வம்சத்தில் ஆள் வடிவப் பெட்டி தலைகாட்டியது. புதிய இராச்சியத்தில் (கி.மு. 1550 முதல் 1070 வரை) அதுவே வழக்கமாகிவிட்டது. அதற்கு அடுத்து வந்த 21ஆம் வம்சம்தான், என்னைக் கேட்டால், இந்தக் கலையின் உச்சம். முகப்படங்கள் கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

பாலைவன நாட்டில் இவ்வளவு மரம் ஏது?

இல்லாததால்தான் இந்தப் பெட்டிகள் இப்படி இருக்கின்றன. நைல் கரையில் வளர்ந்தவை சைக்கமோர் என்ற அத்தி வகை, கருவேலம், டாமரிஸ்க், ஒருவகை இலந்தை. கருவேலம் என்று சொல்வது நம் கண்மாய்க் கரையில் நிற்கும் அதே நாட்டுக் கருவேலம்தான் (சீமைக் கருவேலம் இல்லை). அதன் தாவரவியல் பெயரான நிலோட்டிகாவிலேயே நைல் இருக்கிறது. கருவேலம் உறுதியானது, ஆனால் நீளமான பலகை தராது. சைக்கமோர் அகலமாகக் கிடைக்கும், ஆனால் லேசான மரம், சீக்கிரம் பூச்சி அரிக்கும். அந்த அத்தி மரத்தில் ஹாத்தோர், நுட் போன்ற தெய்வங்கள் குடியிருப்பதாக எகிப்தியர் நம்பினார்கள். அதனால் அந்த மரத்துக்குள் படுப்பதில் அவர்களுக்கு ஒரு நிம்மதி இருந்திருக்கும்.

நல்ல மரம் வேண்டுமென்றால் லெபனான் மலையிலிருந்து தேவதாரு வரவேண்டும். கி.மு. 2600 வாக்கில் ஆண்ட ஸ்னெஃப்ரு மன்னன் 40 கப்பல் நிறைய தேவதாரு கொண்டுவந்ததைப் பலெர்மோ கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. மன்னர்களின் ஆண்டுக் குறிப்புகளில் கல்லில் பொறித்து வைக்கும் அளவுக்கு அந்த மரத்தின் மதிப்பு இருந்திருக்கிறது. மற்றவர்கள் கையளவுத் துண்டைக்கூடத் தூக்கிப் போடவில்லை. ஸ்கேன் செய்து பார்த்த பல பெட்டிகள் உள்ளுக்குள் ஒட்டுத்துணி போலத்தான் இருக்கின்றன: சின்னச் சின்னத் துண்டுகள், முடிச்சு விழுந்த இடத்தில் வெட்டிப் பொருத்திய சக்கைகள், வேறொரு பழைய பெட்டியிலிருந்து எடுத்த பலகைகள்.

அந்தத் துண்டுகளை எப்படிப் பொருத்தினார்கள்?

கழுந்தும் துளையும், மரமுளையும்தான். இரும்பு ஆணி கிடையாது. முற்காலப் பெட்டிகளில் மூலைகளைத் தோல்வாராலோ செம்புப் பட்டையாலோ இழுத்துக் கட்டியும் இருக்கிறார்கள். கருவிகள் முதலில் செம்பு, பிறகு வெண்கலம்: ரம்பம், உளி, வாய்ச்சி, வில்லால் சுழற்றித் துளைபோடும் கருவி. இழைப்புளி அவர்களிடம் இல்லை. வாய்ச்சியால் செதுக்கி, மணற்கல்லைத் தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்தார்கள்.

இதையெல்லாம் ஊகித்துச் சொல்லவில்லை. மெக்கெட்ரே என்ற உயர் அதிகாரியின் கல்லறையில் கிடைத்த பொம்மைகளில் ஒரு தச்சுப் பட்டறையே இருக்கிறது. நடுவில் ஒரு தூண். அதோடு ஒரு மரத்தை நிமிர்த்திக் கட்டி ஒருவர் ரம்பத்தால் அறுக்கிறார். சுற்றிலும் உட்கார்ந்தவர்கள் வாய்ச்சியால் செதுக்குகிறார்கள், ஒருவர் உளியால் துளை வெட்டுகிறார். மூலையில் ஒரு பெட்டி, அதற்குள் உதிரிக் கருவிகள். மறுமையிலும் உளி மழுங்கும், மாற்று வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்! தாத்தா வேலைக்குப் போகும்போது எடுத்துச் செல்லும் பெட்டி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

பொருத்திய பிறகு மிஞ்சும் இடைவெளிகளில் மண்ணும் வைக்கோலும் கலந்த சாந்தை அடைத்தார்கள். நம் ஊரில் மக்கு வைக்கிற அதே வேலை.

வெறும் மரத்தின் மேலேயே வரைந்தார்களா?

பெரும்பாலும் இல்லை. ஒட்டுகளை மறைக்க வேண்டுமே. மக்கு வைத்த இடத்தின் மேல் சில சமயம் நாரிழைத் துணியை ஒட்டுவார்கள். அதன் மேல் சுண்ணாம்புக்கல் பொடியை வஜ்ஜிரத்தோடு குழைத்து ஒரு பூச்சு. சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல் அதைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டால், கீழே பத்துத் துண்டு மரம் இருப்பது யாருக்கும் தெரியாது. 21ஆம் வம்சத்து ஓவியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கழுத்தணியின் பூக்களையும் வண்டின் முதுகையும் அதே பூச்சால் லேசாக மேடாக்கி, அதன் மேல் வண்ணம் தீட்டினார்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது அந்த மேடு தெரியும்.

வண்ணங்கள் எதிலிருந்து வந்தன?

கறுப்புக்குக் கரி. சிவப்புக்குச் செங்காவி. மஞ்சளுக்கு மஞ்சள் காவி. கொஞ்சம் பளபளப்பு வேண்டுமென்றால் அரிதாரம். சித்த மருந்துக் கடைக்காரருக்குத் தெரிந்த அதே அரிதாரம்தான், ஆர்சனிக் கலந்த விஷக் கல். தூளாக்கினால் தங்கத் துகள் போல மின்னும். தெய்வங்களின் உடல் தங்கம் என்பது அவர்கள் நம்பிக்கை. தங்கம் வாங்க முடியாதவர்களுக்கு இந்த மஞ்சள்தான் தங்கம். வெள்ளைக்குச் சுண்ணாம்பு வகைகள், பச்சைக்கு மாலகைட் முதலான செம்புச் சேர்மங்கள். வண்ணத்தைப் பிடித்து நிறுத்த கருவேலம் பிசின் போன்ற பிசின்களும் விலங்குப் பசையும். தூரிகைகூடக் கோரைத் தண்டுதான், நுனியை மென்று நாராக்கிக்கொள்வார்கள்.

நீலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். எகிப்திய நீலம் மண்ணிலிருந்து தோண்டியெடுத்தது கிடையாது. மணல், சுண்ணாம்பு, செம்பு, நேட்ரான் உப்பு ஆகியவற்றைக் கலந்து 850 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் சுட்டுச் செய்தது. மனிதர் செயற்கையாகத் தயாரித்த வண்ணங்களில் நாம் அறிந்தவற்றுள் மிகப் பழையது இதுதான் என்பார்கள். சூடு கொஞ்சம் தப்பினாலும் நிறம் கெட்டுவிடும். இன்று ஆய்வாளர்கள் இந்த நீலத்தின் மேல் சாதாரண ஒளியைப் பாய்ச்சி, அகச்சிவப்புக் கேமராவால் பார்க்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்திலும் நீலத்தின் துகள் வெள்ளையாகச் சுடர்விடுகிறது. அழிந்துபோன தலைமுடி, இறகு, எழுத்து எல்லாம் அப்படித் திரும்பத் தெரிந்திருக்கின்றன.

பல பெட்டிகள் மஞ்சளாக இருக்கின்றனவே, பழசாகிப் போனதாலா?

இரண்டும் உண்டு. 21ஆம் வம்சப் பெட்டிகளின் அடிவண்ணமே மஞ்சள். அதன் மேல் பிஸ்தா இன மரத்தின் பிசினால் வார்னிஷ் பூசினார்கள். அந்த வார்னிஷ் காலப்போக்கில் இன்னும் கனத்து மஞ்சளாகிவிட்டது. அதன் அடியில் இருக்கும் நீலம் இப்போது பச்சையாகத் தெரிகிறது. வார்னிஷ் படாத ஓரத்தைத் தேடிப் பார்த்தால் அசல் நீலம் அப்படியே இருக்கும்.

பக்கவாட்டில் இரண்டு கண்கள் வரைந்திருக்கிறதே, திருஷ்டிக்கா?

இல்லை, உள்ளே இருப்பவர் வெளியே பார்ப்பதற்காக. மத்திய கால இராச்சியத்தில் உடலை நேராக மல்லாத்தி வைக்க மாட்டார்கள். தலை வடக்கே, இடது பக்கமாக ஒருக்களித்து, முகம் கிழக்கே. சரியாக முகத்துக்கு நேரே, பெட்டியின் கிழக்குப் பலகையில், அந்த இரண்டு கண்கள். தினமும் சூரியன் உதிப்பதையும் படையல் கொண்டுவருபவர்களையும் அதன் வழியாகப் பார்க்கலாம். எகிப்தியக் கலையில் என்னை நெகிழ வைக்கும் இடம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

மூடிப் புதைக்கிற பெட்டிக்கு உள்பக்கம் எதற்கு ஓவியம்?

உள்பக்கம் இருப்பவருக்குத்தான் அது தேவை. டெய்ர் எல்-பெர்ஷாவில் ஜெஹுதிநக்த் என்ற மாகாண ஆளுநரின் கல்லறையை 1915இல் திறந்தார்கள். அவருடைய வெளிப் பெட்டி இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொத்தமும் தேவதாருப் பலகை. வெளியே அடக்கமான எழுத்து வரிகள், அவ்வளவுதான். உள்ளேதான் எல்லாம்: உயிர் போய்வர ஒரு பொய்க்கதவு, அதன் பக்கத்தில் அமர்ந்து படையல் ஏற்கும் ஆளுநர், இறைச்சியும் பறவைகளும் காய்களும் குவிந்த படையல், வழிகாட்டும் மந்திரங்கள். அந்தக் குவியலில் ஒரு புறா இருக்கிறது. கழுத்து இறகின் நிறம் சாம்பலிலிருந்து வெளுப்புக்கு மாறுவதைத் தூரிகையின் ஒற்றை மயிர் அளவுக் கோடுகளால் காட்டியிருக்கிறார் ஓவியர். விளக்கு வெளிச்சத்தில், இனி யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே அவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறார்.

பெர்ஷா பெட்டிகள் சிலவற்றின் அடிப்பலகையில் மறு உலகத்துக்குப் போகும் வழிகளை வரைபடமாகவே தீட்டியிருக்கிறார்கள், நீர்வழி ஒன்று, நிலவழி ஒன்று. படுத்திருப்பவரின் முதுகுக்குக் கீழே வரைபடம்.

பிற்காலத்தில் மூடியின் உள்பக்கம் வானமாகிவிட்டது. வானத் தெய்வம் நுட் கைகளை விரித்து மம்மியைக் குனிந்து பார்ப்பாள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள சோட்டர் என்பவரின் பெட்டி கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதில் நுட்டின் இரு பக்கமும் பன்னிரண்டு ராசிகளும் இருக்கின்றன. கிரேக்க, ரோமர் தொடர்பால் வந்து சேர்ந்த ராசிகள் அவை.

சில எழுத்துகளில் பறவைக்குக் கால் இல்லையே?

வேண்டுமென்றே விட்டது. மத்திய கால இராச்சியத்தின் பிற்பகுதியில், சித்திர எழுத்துகளில் வரும் உயிர்கள் உயிர்த்தெழுந்து இறந்தவருக்குத் தொல்லை கொடுக்கும் என்று பயந்தார்கள். அதனால் பறவைக்குக் காலை விட்டுவிட்டார்கள், பாம்பின் உடலை வெட்டிவிட்டார்கள்.

"ரிஷி பெட்டி" என்று அருங்காட்சியக விளக்கப் பலகை ஒன்றில் பார்த்தேன். நம் ரிஷியா?

தொடர்பே இல்லை. அரபியில் இறகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 17ஆம் வம்சத்தையொட்டி, தீப்ஸ் நகரில் (இன்றைய லக்சர்) ஒரே சைக்கமோர் அடிமரத்தைக் குடைந்து ஆள் வடிவில் செய்து, மேலெல்லாம் இறகு தீட்டினார்கள். பார்ப்பதற்கு ஒரு பெரிய பறவை சிறகைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பதுபோல் இருக்கும்.

பெட்டியின் முகம் இறந்தவரின் முகமா?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வயதாகாத, நோயில்லாத, தெய்வமாகிவிட்ட முகம். பட்டறையில் அச்சு மாதிரி வந்ததுதான். ஆணா பெண்ணா என்பதைச் சில அடையாளங்களால் காட்டினார்கள். 21ஆம் வம்சத்தில் பொதுவாக ஆணுக்கு மூடிய முஷ்டி, பெண்ணுக்கு விரித்த உள்ளங்கை. கைகளைத் தனி மரத்தில் செதுக்கி முளையால் பொருத்துவார்கள். அதனால் கையைக் கழற்றி வேறு கை மாட்டினால் பெண் பெட்டி ஆண் பெட்டியாகிவிடும். அப்படி மாற்றியதும் உண்டு.

மாற்றினார்களா? அது திருட்டில்லையா?

ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பெட்டிகளின் மறுபயன்பாட்டைப் பல ஆண்டுகளாக ஆய்ந்துவரும் காரா கூனி என்ற ஆய்வாளர் நூற்றுக்கணக்கான பெட்டிகளை ஓட்டையும் வெடிப்பும் விடாமல் பார்த்தார். 19ஆம் வம்சம் முதல் 22ஆம் வம்சம் வரையிலானவற்றில் பாதிக்கும் மேல் மறுபயன்பாட்டின் தடயம் இருந்தது. பூச்சு பெயர்ந்த இடத்தில் கீழே இன்னொரு ஓவியம், பெயர் எழுதும் பட்டையில் ஒரு பெயரின் மேல் இன்னொரு பெயர்.

அந்தக் காலத்து நிலைமையைப் பார்க்க வேண்டும். புதிய இராச்சியம் நொறுங்கியிருந்தது. லெபனானிலிருந்து மரம் வருவது குறைந்துபோனது. கல்லறைக் கொள்ளை பெருகி, ஓவியம் தீட்டிய தனிக் கல்லறைகளைப் பெரும்பாலும் கைவிட்டு, ரகசியக் குழிகளில் குடும்பம் குடும்பமாக வைத்தார்கள். சுவரில் வரைய வேண்டியதெல்லாம் பெட்டிக்கு இடம்பெயர்ந்தது இதனால்தான். 21ஆம் வம்சப் பெட்டிகளில் கைவைக்க இடமில்லாமல் உருவங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணமும் இதுவே. ஒரு முழுக் கல்லறையே ஆறடிப் பலகையில் ஏறியிருக்கிறது. தாத்தாவின் பெட்டி அவரைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டது, இனி பேத்திக்கு ஆகட்டும் என்று ஒரு குடும்பம் நினைத்திருந்தால் அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வம்சத்தில் அமுன் என்ற தெய்வத்துக்குப் பூசை செய்தவர்களின் பெரிய மறைவிடம் ஒன்று 1891இல் டெய்ர் எல்-பஹ்ரியில் கிடைத்தது. பாப் எல்-கஸூஸ் என்று பெயர். 153 பேரின் பெட்டிகள்! ஒருவருக்கு வெளிப் பெட்டி, உள்பெட்டி, மம்மிப் பலகை என்று இருந்ததால் கணக்கு இன்னும் பெரிது. எகிப்து அரசு அவற்றில் ஒரு பகுதியை வெளிநாடுகளுக்கு அன்பளிப்பாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது. ஒன்றாக இருந்தவர்கள் இப்போது ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் செய்தவர்கள் யார்? பெயர் தெரியுமா?

பெட்டியில் கையெழுத்து போடும் வழக்கம் இல்லை. ஆனால் தீப்ஸுக்கு எதிர்க்கரையில், டெய்ர் எல்-மதீனா என்ற ஊரில், மன்னர் கல்லறைகளை வெட்டித் தீட்டிய தொழிலாளர்கள் குடியிருந்தார்கள். அவர்கள் ஓய்வு நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்குப் பெட்டி செய்து விற்றார்கள். சுண்ணாம்புக்கல் சில்லுகளில் கொடுக்கல் வாங்கல் கணக்கு எழுதி வைத்ததால் நிறையத் தெரியும்.

பெயர் இல்லாவிட்டாலும் கைரேகை இருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் நெஸ்பவர்ஷெஃபித் என்பவரின் பெட்டிகள் இருக்கின்றன, கி.மு. 1000ஐ ஒட்டியவை. கர்னாக் கோயிலின் கைவினைப் பட்டறைகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் அவர். உள்பெட்டியின் மூடியை ஆராய்ந்தபோது அடிப்பக்கத்தில் விரல் பதிவுகள் தெரிந்தன. வார்னிஷ் காய்வதற்குள் மூடியைத் தூக்கி நகர்த்தியிருக்கிறார்கள். 2016இல் இந்தச் செய்தி வெளியானபோது படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காயும் முன் தொடாதே என்று பட்டறையில் எத்தனை முறை திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த மேற்பார்வையாளரின் பெட்டிக்கே, அவர் கண்காணித்த மாதிரிப் பட்டறையில் ஒருவர் அவசரப்பட்டுக் கைவைத்திருக்கிறார். அவர் பெட்டிக்கும் பழைய பெட்டிப் பலகைகள் பயன்பட்டிருப்பது ஸ்கேனில் தெரிந்தது.

ஒரு பெட்டி என்ன விலை?

டெய்ர் எல்-மதீனா கணக்குகளின்படி சாதாரணப் பெட்டி ஒன்று 20 முதல் 40 டெபன் வரை. டெபன் என்பது சுமார் 91 கிராம் செம்பு எடையின் மதிப்பு. காசு கிடையாது, ஆடு, துணி, எண்ணெய், தானியம் என்று அந்த மதிப்புக்கு ஈடாகக் கொடுப்பார்கள். ஒரு தொழிலாளிக்கு மாதச் சம்பளம் ஐந்தரை மூட்டை தானியம், ஏறத்தாழ 11 டெபன். ஆக இரண்டு முதல் நான்கு மாதச் சம்பளம். வீட்டுச் செலவு போக மிச்சம் பிடித்துத்தான் வாங்க முடியும். எகிப்தியரில் பெரும்பாலோர் பாயில் சுற்றிப் புதைக்கப்பட்டவர்கள் என்பதை அருங்காட்சியகக் கூடத்தில் நிற்கும்போது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கல்லறைக்குள் பொம்மைகள் எதற்கு? குழந்தைகளுக்கா?

விளையாட்டுக்கு இல்லை. உணவும் உழைப்பும் மறுமையிலும் நிற்காமல் நடப்பதற்காக. மெக்கெட்ரேயின் கல்லறையை முன்பே இரண்டு பேர் தோண்டி, ஒன்றுமில்லை என்று விட்டுப் போயிருந்தார்கள். 1920இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் ஹெர்பர்ட் வின்லாக் மறுபடி சுத்தம் செய்யச் சொன்னார், வரைபடம் எடுப்பதற்காகத்தான். வேலையாள் ஒருவர் கூட்டும்போது கற்சில்லுகள் ஒரு வெடிப்புக்குள் சரசரவென்று இறங்குவதைக் கவனித்தார். வின்லாக் அந்த வெடிப்பில் டார்ச் அடித்துப் பார்த்தால், சின்னச் சின்ன மனிதர்கள் அவரவர் வேலையில் இருக்கிறார்கள். 24 மாதிரிகள். கால்நடைக் கணக்கெடுப்பு, நெசவு, ரொட்டியும் பீரும் செய்யும் இடம், மீன்பிடிப் படகுகள். வண்ணம் நேற்றுப் பூசியதுபோல் இருந்தது. பாதி கெய்ரோவில், பாதி நியூயார்க்கில்.

தோட்ட மாதிரியை நெருங்கிப் பாருங்கள். நடுவில் குளம், சுற்றிலும் அத்தி மரங்கள். குளத்துக்குச் செம்புத் தகடு வேய்ந்திருக்கிறார்கள், நிஜத் தண்ணீர் ஊற்றினால் நிற்கும்படி. பழங்கள் இலைக்காம்பில் இல்லாமல் சைக்கமோரில் காய்ப்பதுபோலவே கிளையிலும் தண்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

உஷப்தி என்பதும் இதுதானா?

நெருங்கிய உறவு. மறுமையில் வயல் வேலைக்குக் கூப்பிட்டால் "இதோ நான்" என்று முன்வரும் சிற்றுருவம். கல், மண், மெருகுப் பொருள், மரம் எல்லாவற்றிலும் உண்டு. அவற்றை வைக்க வண்ணம் தீட்டிய மரப்பெட்டிகளும் செய்தார்கள்.

ஃபாயூம் முகப்படங்கள் இந்த மரபில் சேருமா? அவை கிரேக்க ஓவியம் போல இருக்கின்றனவே?

ஓவிய முறை கிரேக்க-ரோம வழி, வைத்த இடம் எகிப்திய வழி. ரோமர் ஆட்சியில் ஃபாயூம் வட்டாரத்து வசதியானவர்கள் மெல்லிய பலகையில் முகத்தைத் தீட்டி, மம்மியின் முகத்துக்கு மேல் துணிச்சுற்றில் செருகினார்கள். பலகை பெரும்பாலும் லிண்டன் மரம். அது எகிப்தில் விளையாது, ஐரோப்பாவிலிருந்து வந்தது. வண்ணத்தைத் தேன்மெழுகில் குழைத்துப் பூசியவை பல; அதனால்தான் கண்ணில் அந்த ஈரம், கன்னத்தில் அந்தச் சதைப்பற்று. தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1888இல் ஃபாயூமின் ஹவாராவில் தோண்டியபோது இவை வரிசையாக வெளிவந்தன.

எனக்குப் பிடித்தது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அர்த்தெமிதோரஸ். பலகையில் ஒரு ரோம இளைஞனின் முகம், அதற்குக் கீழே உடல் முழுக்கத் தங்கத் தாளில் அனுபிஸ், ஒசைரிஸ் என்ற எகிப்தியத் தெய்வங்கள். நெஞ்சில் கிரேக்க எழுத்தில் "அர்த்தெமிதோரஸே, போய் வா" என்று எழுதியிருக்கிறது. எழுத்துப் பிழையோடுதான். மூன்று பண்பாடுகளும் ஒரே உடலில்.

மரமும் வண்ணமும் 3,000 ஆண்டு எப்படித் தாங்கின?

வறட்சிதான் காரணம். காற்றில் ஈரம் ஏறினால் மரம் ஊதும், காய்ந்தால் சுருங்கும். மேலே இருக்கும் சுண்ணாம்புப் பூச்சு அதோடு சேர்ந்து அசையாது, வெடித்துப் பெயரும். துட்டன்காமன் கல்லறையில் 1922இல் கிடைத்த வண்ணப் பெட்டி ஒன்றில், மூடியில் வேட்டை, பக்கங்களில் போர் என்று நுணுக்கமான ஓவியங்கள். அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் அதை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, செல்லுலாய்டு கரைசல் தெளித்தார். மூன்று நான்கு வாரத்தில் மூட்டுகள் விலகத் தொடங்கின, பூச்சு மேலே எழும்பியது. பிறகு உருக்கிய பாரஃபின் மெழுகைப் பாய்ச்சித்தான் காப்பாற்றினார். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் ஈரப்பதத்தை அவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பது இதனால்தான்.

இப்போதும் புதிதாகக் கிடைக்கின்றனவா?

ஏராளமாக. 2019இல் லக்சருக்கு எதிரே அசாசிஃபில் 30 பெட்டிகள். சக்காராவில் 2020 அக்டோபரில் 59, அடுத்த மாதமே நூற்றுக்கும் மேல், 2022இல் இன்னும் 250.

இந்தியாவில் பார்க்க முடியுமா?

ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹால், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம், ஹைதராபாத், மும்பை, வதோதரா, லக்னோ ஆகிய இடங்களில் மம்மிகள் இருக்கின்றன. ஜெய்ப்பூரில் 2020 ஆகஸ்ட் மழையில் அருங்காட்சியகத்துக்குள் வெள்ளம் புகுந்தபோது, ஊழியர்கள் கண்ணாடியை உடைத்து அங்கிருந்த தூத்து என்ற பெண்ணின் மம்மியை நனையாமல் தூக்கி வந்தார்கள். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

ஆன்லைன் ஏலத்தில் பெட்டித் துண்டுகள் விற்கிறார்களே, வாங்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். முழுப் பெட்டியைத் துண்டு துண்டாக அறுத்து விற்பதே தேவை இருப்பதால்தான். "பச்சைப் பெட்டி" என்று அறியப்பட்ட ஒரு பெரிய மூடி கடத்தப்பட்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் வரை போய், 2023 ஜனவரியில்தான் எகிப்துக்குத் திரும்பியது.

முதல்முறை நேரில் பார்க்கப் போகிறேன். எங்கிருந்து தொடங்கட்டும்?

எல்லோரும் முகத்துக்கு நேரே கூடுவார்கள். நீங்கள் கால்மாட்டுக்குப் போங்கள். தூக்கி இறக்கும்போது அடிபட்டு, பூச்சு பெயர்ந்து, மரம், மண்சாந்து, துணி, வெள்ளை, வண்ணம் என்று அடுக்கு அடுக்காகத் தெரிவது அங்கேதான். பிறகு பக்கவாட்டில் குனிந்து, மூடியும் பெட்டியும் சேரும் விளிம்பில் கழுந்துத் துளைகளைத் தேடுங்கள். சில துளைகளில் முளை இன்னும் உள்ளேயே ஒடிந்து கிடக்கும். பெயர் எழுதிய பட்டையில் ஒரு இடம் மட்டும் வேறு கையெழுத்தாகவோ காலியாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். 22ஆம் வம்சத்துப் பெட்டியாக இருந்தால் பாதத்துக்கு அடியில் உள்ள பலகையையும் விடாதீர்கள். ஆபிஸ் என்ற புனிதக் காளை மம்மியை முதுகில் சுமந்துகொண்டு ஓடும் ஓவியம் அங்கே இருக்க வாய்ப்பு உண்டு.